நண்பரின் குழந்தை அடம்பிடிக்கும்போது

நண்பரின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் திடீரென்றுதான் வந்து சேர்கிறது. அவசரமாக மருத்துவமனைக்கோ துக்க வீட்டுக்கோ கிளம்ப வேண்டியிருக்கும். பாட்டி, தாத்தா ஊரில் இருப்பார்கள். பெற்றோர் பிள்ளையை அடுத்த தெருத் தோழியிடம் விட்டுப் போவார்கள். அம்மா பக்கத்தில் இருந்தவரை சாதுவாக இருந்த மூன்று வயதுப் பிள்ளை, அவர் கிளம்பிய சிறிது நேரத்தில் ரிமோட்டை வீசும், சோற்றைத் தட்டிவிடும், அந்த வீட்டுக் குழந்தையைக் கடித்து வைக்கும். சொந்தப் பிள்ளை என்றால் ஒரு அதட்டலில் அடக்கிவிடலாம். ஊரார் பிள்ளையை அதட்டவும் கை வராது, அப்படியே விட்டுவிடவும் முடியாது.

வளர்ப்பு சரியில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் குழந்தையின் நிலையை யோசிக்க வேண்டும். வீடு புதிது. தூங்கும் நேரம் தப்பிவிட்டது. ‘சாயங்காலம் வருவேன்’ என்று அம்மா சொன்னது எவ்வளவு நேரம் என்று கணக்கிடத் தெரியாத வயது. பெற்றோரைப் பிரியும் அச்சம் ஒரு வயதை ஒட்டித் தீவிரமடைகிறது. மூன்று வயதிலும் பல குழந்தைகளிடம் அது மிச்சமிருக்கிறது. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர இருபது வயதுக்கு மேல் ஆகிறது. வாயால் சொல்லத் தெரியாத ஏக்கம் கையிலும் பல்லிலும் வெளிப்படுவது இயல்புதான். புது வீட்டில் எது செல்லும், எது செல்லாது என்று சோதித்துப் பார்க்கும் ஆசையும் இதில் கலந்திருக்கும். ஆகவே கண்டிப்பதற்கு முன் பசியா, தூக்கமா, சிறுநீர் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழக்கமில்லாத கழிப்பறைக்குள் போகப் பயந்து, அடக்கிக்கொண்டே சிணுங்கும் பிள்ளைகள் உண்டு.

பாதிப் பிரச்சினையை வாசலிலேயே தீர்த்துவிடலாம். என்ன சாப்பிடும், எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, தூங்க எது கையில் வேண்டும், அழுதால் வீட்டில் எப்படிச் சமாதானப்படுத்துவார்கள் என்று நண்பரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. “சொன்னா அழுவான், நைசா கிளம்பிடு” என்பது நம் வீடுகளில் சகஜமான யோசனை. அது நல்ல யோசனை இல்லை. சொல்லாமல் நழுவும் அம்மாவைத் தேடித் தேடிக் குழந்தை களைத்துப்போகும். எஞ்சிய நேரமெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். சொல்லிவிட்டுப் போனால் அழுகை அப்போதே வரும், சீக்கிரம் ஓயவும் செய்யும்.

தரையில் விழுந்து புரளும் அடத்தைப் பற்றி மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு பயனுள்ளது. ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் அடங்களில் முக்கால் பங்கு 5 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன என்று அது கண்டது. கத்தல், உதைத்தல் போன்ற கோபம் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய்த் தணிகிறது. அழுகையும் ஆறுதல் தேடலும் கடைசிவரை நிற்கின்றன. பார்த்துக்கொள்பவருக்கு இதில் தெளிவான வழி கிடைக்கிறது. கோபம் பொங்கும்போது விளக்கம் சொன்னால் காதில் ஏறாது. இடித்துக்கொள்ளக்கூடிய பொருட்களை அகற்றிவிட்டு, அருகிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். குரல் தணிந்து அழுகை மட்டும் மிஞ்சும்போது, “அம்மா ஞாபகம் வந்துடுச்சா கண்ணு? சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவாங்க” என்று மடியில் எடுத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு புரியாத குழந்தைக்குச் சாப்பாடும் தூக்கமும்தான் கடிகாரம்.

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது உடனே பலிக்கும். அதனால்தான் அது ஆபத்து. வேண்டாம் என்று சொன்ன பொருளைப் பத்து நிமிட அலறலுக்குப் பிறகு கொடுத்தால், அடுத்த முறை பத்து நிமிடம் அலற வேண்டும் என்றே குழந்தை கற்றுக்கொள்கிறது. கொடுப்பதானால் அடம் தொடங்குமுன், இவ்வளவு நேரம் என்று சொல்லிக் கொடுப்பது மேல். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

கடிப்பதும் அடிப்பதும் மட்டும் தானாக ஓயட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரு குழந்தைகளையும் உடனே பிரித்து, கடிபட்ட குழந்தையை முதலில் கவனிக்க வேண்டும். பிறகு கடித்த பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, “கடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று கண்ணைப் பார்த்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விதிகளும் குறைவாக இருப்பது நல்லது: யாரையும் வலிக்கவைக்கக் கூடாது, அடுப்பிடம் போகக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது. விருந்தாளி என்று கடித்ததைக் கண்டும் காணாமல் விட்டால், சொந்தப் பிள்ளைக்கு அது பெரிய அநியாயம். “நீதான் பெரியவன், விட்டுக்கொடு” என்று நாளெல்லாம் அதன் தலையிலேயே கட்டுவதும் அப்படித்தான்.

அடிக்கும் உரிமை பார்த்துக்கொள்பவருக்கு அறவே இல்லை. நண்பரே “ரெண்டு போடு, பரவாயில்லை” என்று சொல்லியிருந்தாலும் இல்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2018-ல் அடியோடு சேர்த்து, திட்டி அவமானப்படுத்துவதையும் கைவிடச் சொன்னது. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதற்குத் தேவையற்ற துன்பம் நேரும்படி தாக்கினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவே ஏற்படலாம். பொறுமை எல்லை மீறும்போது குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு இரண்டு நிமிடம் ஒதுங்கி நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் என்று பயமுறுத்துவதும் வேண்டாம். ‘இப்படிச் செய்தால் அம்மா வரவே மாட்டாங்க’ என்ற மிரட்டல் எல்லாவற்றிலும் கொடியது. குழந்தை எதை நினைத்து அஞ்சுகிறதோ, அதையே உறுதிப்படுத்துகிறது.

மாலையில் தாயைக் கண்டதும் சில பிள்ளைகள் வெடித்து அழும், சில முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தாய் சில நிமிடம் பிரிந்து திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த், வெவ்வேறு குழந்தைகளிடம் இத்தகைய எதிர்வினைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

நடந்ததை நண்பரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தையின் காது கேட்க நின்றபடி புகார் பட்டியல் வாசிக்கக் கூடாது. “மதியம் ஒரு தடவை கடிச்சுட்டான், பிரிச்சு வெச்சுச் சொன்னேன், அப்புறம் நல்லா விளையாடினான்” என்று நடந்தது, செய்தது, நன்றாக இருந்த நேரம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நட்பு கசக்காது. கீழே விழுந்தது, வீங்கியது போன்றவற்றைச் சிறிதானாலும் விடாமல் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் இதே பாடு என்றால், அடுத்த முறை குழந்தையின் சொந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே அதன் பொம்மையும் பாயும் பழகிய மூலையும் இருக்கும்.