கணினியும் தமிழெழுத்தும்: ஓர் ஆர்வலனின் இன்பமும் இன்னலும்

ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் அதற்குரிய இன்பமும் உண்டு. அதற்குரிய இன்னலும் உண்டு. தோணி வலிப்போன் காற்றை நோவான். வீட்டுத்தோட்டம் செய்வோன் வேலி தாண்டும் மாட்டை நோவான். பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டுவோன் உதிரிப்பாகம் கிடையாமையை நோவான். கணினியைப் பொழுதுபோக்காகக் கொண்ட தமிழனோ பெரும்பாலும் தன் தாய்மொழியின் எழுத்தோடேயே மல்லாட வேண்டியவனாகின்றான். யான் இப்பொழுதுபோக்கில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஈடுபட்டவன்; தொழிலால் தமிழாசிரியன். ஆகவே இம்மல்லாட்டத்தின் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது, அதனால் நம் கல்லூரிக்கும் நாட்டுக்கும் ஆவது யாது என்பவற்றை இவ்விழா மலரில் எடுத்துரைத்தல் பொருத்தமாகும் என எண்ணுகின்றேன்.

எழுத்தும் கருவியும்

தமிழ் எழுத்துகள் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 என்பதை நம் மாணவர் கீழ்வகுப்பிலேயே அறிவர். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்க்கு இத்தொகை ஒரு சுமையாயிருக்கவில்லை. அச்சு வந்தபோது அச்சுக்கோப்போர் பெட்டியிலே அறைகளைப் பெருக்கிச் சமாளித்தனர். தட்டச்சுப் பொறி வந்தபோதுதான் இடர்ப்பாடு தோன்றிற்று. ஐம்பதுக்கும் குறைவான விசைகளிலே 247 எழுத்துகளை அடக்குவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயா நாட்டுப் பக்கம் சென்று தொழில் புரிந்த இரா. முத்தையா அவர்கள். தமிழ்த் தட்டச்சின் தந்தை என அவரைப் போற்றுகின்றோம். எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தல், தாள் நகராமலே குறியை இடும் நகரா விசையைக் கையாளுதல் என்னும் உத்திகளாலே சிறு பொறிக்குள் பெரு நெடுங்கணக்கு அடங்கிற்று. பொறியைத் தமிழுக்கு இணங்கச் செய்தவர் அயலார் அல்லர், நம்மவரே என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

பாமினியின் மாயம்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வழங்கி, அவ்வெண்ணையே அது சேமிக்கின்றது. திரையில் நாம் காணும் உருவம் எழுத்துரு என்னும் சட்டையாகும். தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்கே எண்கள் வழங்கப்பட்டிருந்தன. தமிழுக்கு இடமில்லாத அக்காலத்தில் நம்மவர் ஒரு சூழ்ச்சி செய்தனர். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, சட்டையை மட்டும் மாற்றினர். இலங்கையில் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இவ்வகையைச் சார்ந்தது.

பாமினியில் "தமிழ்" என்று எழுதுகின்றோம். கணினியின் உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்னும் சட்டையை அணிந்திருக்குமட்டும் அது தமிழ். சட்டையைக் கழற்றினால் பொருளற்ற ஆங்கிலக் குப்பை. ஆசிரியர் ஒருவர் இரவிரவாக விழித்துத் தட்டச்சுச் செய்த தவணைப் பரீட்சை வினாத்தாளை மறுநாள் வேறொரு கணினியில் திறக்கின்றார். அங்கே பாமினி இல்லை. திருக்குறள் வினா இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் கூத்தாடுகின்றன. மணியோ அடித்துவிட்டது. இவ்வவலத்தை அனுபவியாத தமிழாசிரியர் இம்மாவட்டத்தில் எத்தனை பேர்?

பாமினியை இகழ்தல் என் கருத்தன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னும் நம் பாடசாலைகளின் வினாத்தாள்களையும், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களையும், நினைவு மலர்களையும் தாங்கி நின்றது அதுவே. ஏணியாய் உதவியதற்கு நன்றி பாராட்டுவோம். ஆயின் ஏணியிலேயே குடியிருத்தல் தகாது.

ஒருங்குறியும் இலக்கணமும்

உலகத்து மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் யுனிகோட் என்னும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 வெளிவந்தபின் அதனைச் சாதாரணக் கணினிகளிலும் கையாளல் இயல்வதாயிற்று. இங்கே எண் வழங்கப்படுவது உருவத்துக்கன்று, எழுத்துக்கே. சட்டை மாறினும் ஆள் மாறான். எழுத்துரு மாறினும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இதிலே தனியின்பம் உண்டு. "கொ" என்பதைக் கையால் எழுதும்போது கொம்பை முதலிலும் ககரத்தை நடுவிலும் அரவை ஈற்றிலும் இடுகின்றோம். பாமினியும் அவ்வரிசையிலேயே அதனைச் சேமித்தது. ஒருங்குறியோ ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னுமாகச் சேமிக்கின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக நிற்கும் என்பது நம் இலக்கண நூலார் கண்ட முடிபன்றோ! கை எழுதும் முறையை விட்டுச் செவி கேட்கும் முறையைக் கணினி கைக்கொண்டது எனலாம்.

ஆயினும் குறையும் இல்லாமல் இல்லை. நம் இலக்கணப்படி புள்ளி பெற்ற மெய்யே முதலெழுத்து. ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. அதனோடு புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்தே மெய் பெறப்படும். ஆதலால் "மட்டக்களப்பு" என்னும் சொல்லில் மாணவன் எட்டு எழுத்து எண்ண, கணினி பன்னிரண்டு எண்ணும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடமிருக்க, தமிழுக்கு 70 குறிகளே இடமாதலும், அக்குறிகளுள் புள்ளியும் கொம்பும் அரவும் தனித்தனியே எண்ணப்படுதலும் நம்மைச் சிக்கனக்காரராக்கிவிட்டன. இக்குறை கருதியே உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வழங்கும் வேறொரு குறியீட்டு முறையையும் தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்றது. உலக வழக்கில் நிலைத்தது ஒருங்குறியே.

நாளாந்த இன்னல்கள்

இனி, இப்பொழுதுபோக்கின் நாளாந்த இன்னல்கள் சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே எண்வரிசையை மட்டுமே பார்க்கும் செயலியிடம் வகுப்பு இடாப்பைக் கொடுத்தால், கமலநாதனை முந்திக் கனகசபை நிற்பார். லலிதாவை முந்தி றஞ்சினி நிற்பாள். தமிழ் வரிசை அறிந்த செயலிகள் இன்று உள. எனினும் அவற்றில் தமிழைத் தெரிந்துகொள்ளும் அமைப்பைத் தேடிப் பிடிக்குமுன் பெயரைக் கையாலேயே மாற்றி முடித்துவிடுபவர் பலர்.

இரண்டாவது, அரவும் ரகரமும் செய்யும் மயக்கம். "மலர்" என்று எழுதவேண்டிய இடத்தில், ரகர ஒற்றுக்குப் பதிலாக அரவை இட்டு அதன்மேல் புள்ளி வைப்போர் உளர். பாமினிக் காலத்துப் பழக்கம் இது. அச்சிட்ட தாளில் வேறுபாடு கண்ணுக்குத் தோன்றாது. கணினியோ அதனை வேறு சொல்லாகவே கொள்ளும். "மலர்" எனத் தேடினால் அவ்விடம் அகப்படாது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இடுவதும் இத்தகையதே. எழுத்துப்பிழை என்பது கண்ணுக்குத் தெரிவது என்று இதுகாறும் கற்பித்து வந்தோம். கண்ணுக்குத் தெரியாத எழுத்துப்பிழையையும் இனிக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, விசைப்பலகை. தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டு "தமிழ்99" என்னும் அமைப்பு வகுக்கப்பட்டது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைய, ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னையது தானே புள்ளி பெறும் நயமுடையது அது. இலங்கையில் றெங்கநாதன் அமைப்பை அடிப்படையாகக் கொண்ட விசைப்பலகை 2008ஆம் ஆண்டின் இலங்கைத் தரநிர்ணயத்தில் இடம்பெற்றது. இளைஞரோ ஆங்கில எழுத்திலே ஒலிபெயர்த்துத் தட்டுகின்றனர். ஒரே ஆசிரியர் அறையில் மூவர் மூன்று வகையாகத் தட்டச்சுச் செய்ய, ஒருவர் கணினியில் மற்றவர் கை முடங்கி நிற்கின்றது.

நான்காவது, இவ்வூர்க்கே உரிய இன்னல். ஒருபுறம் கடல், ஒருபுறம் வாவி. இடையில் வாழும் நம் கணினிகள் உப்புக்காற்றையும் மாரி ஈரத்தையும் சுவாசிக்கின்றன. விடுமுறை கழிந்து வந்து விசையை அழுத்தினால் கணினி விழிக்காது. மூடியைக் கழற்றி, நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் சில வேளைகளில் உயிர் பெறும். அக்கணத்து மகிழ்ச்சியை இத்துறை ஆர்வலரே அறிவர்.

ஆர்வலர் கட்டிய அணை

இத்துணை இன்னல்களுக்கிடையே கணினித் தமிழ் வளர்ந்தது எங்ஙனம்? பெரும்பாலும் பொழுதுபோக்காளராலேயே என்பது வியப்பான உண்மை. மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985ஆம் ஆண்டில் "முரசு" என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். சுவிற்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராயிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் "மயிலை" என்னும் எழுத்துருவை ஆக்கியதோடு, 1998ஆம் ஆண்டுப் பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலரைக் கொண்டு தட்டச்சுச் செய்வித்து யாவர்க்கும் இலவசமாக்கினார். யாழ்ப்பாணத்தவரான கட்டடக் கலைஞர் மயூரநாதன் அவர்கள் வளைகுடா நாட்டில் தொழில் புரிந்துகொண்டே, 2003ஆம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடியிட்டார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் "நூலகம்" என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டு தன்னார்வலர் சிலரால் தொடங்கப்பெற்றது. கூலி கருதாது, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும், ஆளுக்கொரு பக்கமாகச் செய்த பணிகள் இவை. ஆற்றுக்கு மணல் சுமந்தோர் பலர், அணை ஒன்று.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தமிழ்ப் பேராசிரியராக விளங்குமுன் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1936ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கூற வழி வகுத்தவர். கணிதத்தைத் துணைக்கொண்டு பழந்தமிழ் யாழை ஆராய்ந்து 1947ஆம் ஆண்டு யாழ் நூலை அளித்தவர். விஞ்ஞானம் ஒருபுறம், தமிழ் மறுபுறம் என்னும் வேலி அவருக்கு இருக்கவில்லை. அப்பெருமகன் உறையும் கல்லடி மண்ணுக்கு அயலில் வாழும் நாம் அவ்வேலியை மீண்டும் நடுதல் அழகன்று.

நாம் செய்யக்கூடியவை

இஃது ஒரு சிலரின் பொழுதுபோக்குத்தானே எனக் கருதுவோர் இரண்டு நாட்களை நினைவுகூர்க. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி இம்மாவட்டத்தைச் சூறையாடிற்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் கரையோரமெங்கும் உள்ள ஊர்களையும் விழுங்கிற்று. உயிரிழப்பின் முன் ஏட்டிழப்பைப் பேச நா எழாது. ஆயினும் அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளும், குடும்பப் படங்களும், பாடசாலைப் பதிவேடுகளும் நீரோடு போன வீடுகள் பல. ஒரே ஒரு பிரதியாக இருப்பது எதுவாயினும், அடுத்த வெள்ளம் வருமட்டுமே நம்முடையது. பாமினியில் எழுதி, பூஞ்சணம் பிடித்த நெகிழ்வட்டில் கிடக்கும் பழைய மலர்களோ வெள்ளம் வராமலே அழிகின்றன.

ஆதலின் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். இனி எழுதுவன யாவற்றையும் ஒருங்குறியிலேயே எழுதுக. அச்சகத்தார் பாமினியைக் கேட்பின் மாற்றிக் கொடுத்து, ஒருங்குறி மூலத்தைத் தம்மிடம் வைத்திருக்க. பழைய பாமினிக் கோப்புகளை மாற்றும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றால் மாற்றியபின் அரவும் ரகரமும் மயங்கிய இடங்களை ஒருவர் கட்டாயம் ஒப்புநோக்குக. வீட்டுப் பரணில் உள்ள பழைய கல்லூரி மலர், கையெழுத்துச் சஞ்சிகை, கூத்துக் கொப்பி என்பவற்றைக் கொண்டுவந்து படி எடுத்தபின் மீளப் பெற்றுச் செல்க. அப்படிகளைக் கல்லூரியில் ஒன்று, வேற்றூரில் ஒன்று, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவரிடம் ஒன்று என மூன்றிடத்தில் வைப்போமாக. மேல்வகுப்பு மாணவர் வாரம் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுப்பின், தட்டச்சும் பழகும், தமிழும் பழகும்.

இவ்விழா மலரும் ஒருங்குறியில் ஒரு பிரதியாய்ப் பேணப்படின், வருங்கால மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் பெயரைத் தேடும்போது அது முழுத் தமிழாய் அவன் முன் தோன்றும். அதனினும் சிறந்த கைம்மாறு இப்பொழுதுபோக்குக்கு வேண்டுவதில்லை. கல்லூரித் தாய் நீடு வாழ்க! அவள் ஊட்டிய தமிழ் எக்கருவியிலும் பிழையின்றி வாழ்க!