பட்டா இல்லாதவர்களுக்கு? – பழங்குடியினர் உரிமையும் இலவச சட்ட உதவியும்

ஆலத்தியூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக்கல் என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பூமிக்கு அடியில இருக்கிற கல்லு யாருக்குச் சொந்தம்? பட்டா வச்சிருக்கிறவங்களுக்கா, கவர்மெண்டுக்கா?"

சுரங்கக் குத்தகையை 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வழங்குகிறது. வெட்டிய கல்லுக்கு நிறுவனம் அரசுக்கு உரிமத்தொகை செலுத்துகிறது. 2015இல் செய்த திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு செல்கிறது. கல்வி, குடிநீர், மருத்துவம் போன்றவற்றுக்கு அதிலிருந்து செலவிடலாம் என்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் மெதுவாகக் கேட்டான்: "பட்டாவே இல்லாதவங்களுக்கு, டீச்சர்?"

அவன் ஏரிக்கரையில் குடிசை போட்டு வாழும் இருளர் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததையும், நேரில் அறிந்ததையும் ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

உலகம் முழுவதும் உள்ள கேள்வி

ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறியபோது, அந்நிலம் யாருக்கும் சொந்தமற்றது என்ற கருத்தின் மேல்தான் சட்டம் எழுப்பப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் கணக்கிலேயே வரவில்லை. டோரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் உடன் சிலரும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டே பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது.

அந்நாட்டின் வட மண்டலத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் நில மன்றங்கள் நம் கவனத்துக்குரியவை. அவற்றில் வழக்கறிஞர்களும் மானிடவியலாளர்களும் பணியாற்றுகிறார்கள். ஒரு சுரங்க நிறுவனம் வந்தால், மக்கள் சார்பில் அதனுடன் பேசி ஒப்பந்தம் எழுதுவது இவர்கள் வேலை. நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டும் சட்ட உதவி ஆகாது. கையெழுத்துப் போடும் முன்பே பக்கத்தில் ஒருவர் இருப்பதும் சட்ட உதவிதான்.

நம் நாட்டில்

நமக்கு இதில் முக்கியமானது வன உரிமைச் சட்டம், 2006. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தில் வாழ்ந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலம் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை இச்சட்டம் உரிமையாக்குகிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை ஆவணம் தரப்படும். அந்நிலத்தை விற்க முடியாது; பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு.

விண்ணப்பம் கிராம சபையில் தொடங்கி, கோட்ட அளவிலான குழு வழியாக, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குச் செல்லும். பழைய ரசீது, பதிவேடு மட்டும்தான் சான்று என்பதில்லை. பழைய வீடு, கிணறு, இடுகாடு போன்ற அடையாளங்களும், ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் சான்றாகும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியின் நினைவைச் சட்டம் ஆவணமாக ஏற்கிறது என்று சொன்னபோது, என் வகுப்பு அமைதியாகிவிட்டது.

இச்சட்டத்தின் வலிமைக்கு ஒடிசாவின் நியமகிரி மலை சான்று. அங்கே பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. டோங்கிரியா கோண்டு மக்கள் வாழும் பகுதியில் கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டு மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

நம் மாநிலத்தில் இச்சட்டம் தாமதமாகவே நடைமுறைக்கு வந்தது. 2008இல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு 2016இல் உச்ச நீதிமன்றத்தால் நீங்கிய பிறகே உரிமை ஆவணங்கள் வழங்க வழி பிறந்தது. நமக்கு மேற்கே பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இது நேரடியாகப் பயன்படும் சட்டம்.

தொழிலும் உரிமைதான்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, பாம்புத் தோல் வணிகத்தை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பை இழந்தனர். 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. வனத்துறை அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. குற்றமாகிப்போன ஒரு திறமை, சங்கமாகப் பதிவானதும் உயிர்காக்கும் தொழிலானது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

கேரளத்தின் அகத்தியமலைக் காணிக்காரர்கள் 'ஆரோக்கியப்பச்சை' என்ற செடியின் பயனை ஆய்வாளர்களுக்குக் காட்டினர். அதிலிருந்து உருவான மருந்துக்குக் கிடைத்த உரிமத்தொகையில் பாதி அம்மக்களுக்கு என்று முடிவானது. அதைப் பெறக் காணிக்காரர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. இப்படிப் பயனைப் பகிர வேண்டும் என்பதைப் பின்னர் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம் கட்டாயமாக்கியது.

ஏரிக்கரைக் குடும்பத்துக்கு என்ன வழி?

சமவெளி இருளர்களுக்கு வனமும் இல்லை, பட்டாவும் இல்லை. அவர்களுக்கு முதல் தேவை சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதை வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உரியது. அந்த மாணவனின் விண்ணப்பம், பெற்றோரிடம் சான்றிதழ் இல்லை என்று இருமுறை திரும்பியது. "எங்கப்பன் தாத்தனுக்கே இல்லாத பேப்பர, நான் எங்க போயி எடுத்தாருவேன் டீச்சரம்மா?" என்றார் அவன் தாய்.

அப்போதுதான் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 பற்றிப் படித்தேன். அதன் 12ஆம் பிரிவின்படி பழங்குடியினர், ஆதிதிராவிடர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி உண்டு. மனு எழுதுவது, வழக்கறிஞர் அமர்த்துவது, நீதிமன்றக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட அளவில் சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். பழங்குடியினர் உரிமைக்கென்றே தேசிய ஆணைக்குழு 2015இல் தனித் திட்டம் ஒன்றை வகுத்துள்ளது.

ஒரு சனிக்கிழமை அந்தத் தாயை அழைத்துச் சென்றேன். சட்டத் தன்னார்வலர் ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார். உறவினர் வாழும் ஊர்களில் நேரடி விசாரணை வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். விசாரணை நடந்தது. அவன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் முன் சான்றிதழ் கையில் இருந்தது. வீட்டுமனைப் பட்டா மனு மட்டும் இன்னும் நிலுவையில் உள்ளது.

நாம் செய்யக்கூடியவை

1. சேர்க்கையின்போதே சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியல் எடுத்து வைக்கலாம். மேல்நிலைச் சேர்க்கை வரை காத்திருந்தால் காலம் போதாது.

2. எந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கவும், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்கவும் பெற்றோருக்குச் சொல்லலாம்.

3. மனித உரிமைகள் பாடத்தின்போது சட்டத் தன்னார்வலர் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்கலாம்.

4. தாத்தா பாட்டியிடம் ஊரின் பழைய கிணறு, களம், இடுகாடு பற்றிக் கேட்டுத் தேதியிட்டு எழுதிவரச் செய்யலாம். அதை மாதிரி வாக்குமூலமாக வகுப்பில் வாசிக்கச் செய்யலாம்.

இந்த நான்காவது செயல்பாட்டை எங்கள் வகுப்பில் செய்தோம். அந்த மாணவன் தன் பாட்டி சொன்னதை ஒரு பக்கம் எழுதி வந்தான். எந்த ஏரி எந்த ஆண்டு உடைந்தது, அதற்குப் பிறகு குடிசை எங்கே மாறியது என்றெல்லாம் அதில் இருந்தது. அதன் நகல் ஒன்றைப் பட்டா மனுவோடு இணைத்திருக்கிறோம். அடுத்த விசாரணைக்குப் பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.