நட்சத்திரங்கள் எங்கே மறைகின்றன?

'நீர் **100** டிகிரி செல்சியசில் கொதிக்கும்' என்று ஒரு வரியைக் கணிப்பொறியில் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? தட்டச்சுப் பிழை என்றுதானே? அது பிழையன்று, கட்டளை! 'நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இருப்பதைத் தடித்த எழுத்தில் காட்டு' என்பது அதன் பொருள்.

இந்த முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் குரூபர் 2004-இல் இதை வெளியிட்டார். வரியின் தொடக்கத்தில் # இட்டு இடம் விட்டால் தலைப்பு. - இட்டு இடம் விட்டால் பட்டியல். ஒற்றை நட்சத்திரங்களுக்கு இடையே இருப்பது சாய்வெழுத்து. அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதியில் 'இது பெரிய எழுத்து' என்று ஆசிரியர் குறித்தனுப்புவதில்லையா? அதே யோசனைதான். 1964-இல் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் உருவாக்கிய ரன்ஆஃப் நிரலிலும், புள்ளியில் தொடங்கும் வரிகள் இவ்வாறே கட்டளைகளாக இருந்தன.

சரி, இப்படி எழுதிய குறிப்பை அப்படியே காப்பி செய்து பவர்பாயிண்ட் ஸ்லைடில் ஒட்டினால் என்ன ஆகும்? நட்சத்திரங்களும் கூடவே வந்து நிற்கும். அந்த நிரலுக்கு அவை வெறும் எழுத்துகளே. ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுதான் மாற்றி நிரல்.

மாற்றி என்ன செய்கிறது?

முதலில் அது வரிவரியாகப் பார்த்து, எது தலைப்பு, எது பட்டியல், எது பத்தி என்று பிரிக்கிறது. பிறகு ஒவ்வொன்றின் உள்ளேயும் நட்சத்திரங்களைத் தேடி ஜோடி சேர்க்கிறது. முடிவில் எல்லாவற்றையும் இணையப் பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல்.-இல் எழுதித் தருகிறது. இதைப் பிரவுசரில் திறந்தால் நட்சத்திரங்கள் மறைந்து, 100 தடித்துத் தெரியும். அங்கிருந்து காப்பி செய்து ஸ்லைடில் ஒட்டினால் தடிப்பும் கூடவே வரும்.

எப்படி வருகிறது? காப்பி செய்தவை தங்கும் இடத்துக்குக் கிளிப்போர்டு என்று பெயர். ஒரே செய்தியை இரண்டு மொழிகளில் எழுதி ஒரே உறையில் வைத்தது போல, பிரவுசர் அதில் வெறும் எழுத்து, வடிவமைத்த எழுத்து இரண்டையும் வைக்கிறது. பெறும் நிரல் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்கிறது. வெறும் எழுத்து மட்டுமே தெரிந்த நிரல் அதை எடுக்கும்; பவர்பாயிண்ட் வடிவமைத்ததை எடுக்கும்.

ஒரு குறை உண்டு. இவ்வாறு ஒட்டிய தலைப்பு பெரிய எழுத்தாக வருமே தவிர, ஸ்லைடின் தலைப்பிடத்தில் தானே போய் உட்காராது. அதற்கும் வழி இருக்கிறது. தத்துவப் பேராசிரியரான ஜான் மக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட பான்டாக் என்ற இலவச நிரல், மார்க்டவுனிலிருந்து நேரடியாகவே ஸ்லைடுகளைத் தயாரித்துத் தலைப்பை உரிய இடத்தில் வைக்கும்.

கணக்கில் கவனம்!

5*3*2 என்று எழுதுகிறீர்கள். விடை 30. ஆனால் மாற்றி என்ன நினைக்கும்? இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே 3 இருக்கிறது. ஆகவே அதைச் சாய்க்க வேண்டும்! ஸ்லைடில் 532 என்று வந்து நிற்கும். பெருக்கல் குறி போன சுவடே தெரியாது. அறிவியல் கண்காட்சியில் இப்படி ஓர் எண்ணைக் காட்டினால் என்ன ஆகும்?

தடுப்பது எளிது. 5 * 3 * 2 என்று நட்சத்திரத்தின் இருபுறமும் இடம் விடுங்கள். அல்லது அதன் முன்னால் \ குறி இடுங்கள். எப்படியிருந்தாலும், மாற்றிய பிறகு எண்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கணிப்பொறி குறியைத்தான் பார்க்கிறது, கணக்கைப் பார்ப்பதில்லை.

இப்போது சொல்லுங்கள், 2*4*6*8 எப்படி மாறும்?

விடை: 246*8. 4 மட்டும் சாய்ந்திருக்கும். மூன்றாவது நட்சத்திரத்துக்கு ஜோடி கிடைக்காததால் அது அப்படியே நிற்கும்.