தோண்டிப்போட்ட றோட்டில் பஸ் விடாதீர்கள்

எழுவைதீவிலிருந்து ஒரு கடிதம். எழுதியவருக்குப் பத்தொன்பது வயது. பொலிஸ் சேவைக்கு விண்ணப்பித்துவிட்டு, அழைப்பு வருமுன் உடம்பைத் தயார்படுத்த ஆறு வாரமாக விடியற்புறத்தில் ஓடுகிறார். "முதல் கிழமை கோயிலடி மட்டும் ஓடவே மூச்சு முட்டினது. இப்ப ஐந்து கிலோமீற்றர் நிக்காமல் ஓடுறன். ஆனால் கணைக்காலின் உள்பக்கம் எலும்பு நோகுது. ஓடி ஓடித்தான் அந்த நோவைக் கலைக்கவேணும் என்று யூரியூப்பில சொல்லினம். உண்மையோ?"

உண்மையில்லை, பிள்ளை. அந்த யூரியூப்காரருக்கு உங்கள் கணைக்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூச்சு இவ்வளவு கெதியாக வசப்பட்டதில் அதிசயம் எதுவும் இல்லை. ஓடத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இறைக்கும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் எரிபொருளைச் சக்தியாக்கும் இழைமணிகள் பெருகும். எழுவைதீவில் காற்று, வெயில், டீசல் மூன்றையும் கலந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இருக்கிறதல்லவா, அதுபோலத் தசையும் கொழுப்பையும் மாச்சத்தையும் மாற்றி மாற்றி எரிக்கப் பழகிக்கொள்ளும். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளது. ஆறு வாரத்தில் என்ஜின் புதிதாகிவிட்டது. வண்டியின் அடிச்சட்டம் இன்னும் பழையதுதான்.

எலும்பு கல் மாதிரி செத்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். தீவு நிற்கிற முருகைக்கல்லும் எலும்பும் இரண்டுமே கல்சியம்தான். முருகைக்கல் கரையும், தேயும், தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது. எலும்பு திருத்தும். இரண்டு வகைக் கலங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கூட்டம் பழுதான இடத்தைக் குடைந்து எடுக்கும். பின்னால் வரும் இன்னொரு கூட்டம் அந்தக் குழியில் புது எலும்பு போட்டு நிரப்பும்.

ஊர்காவற்றுறையில் படகால் இறங்கி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுபவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குழாய் தாட்பதற்கென்று றோட்டைத் தோண்டுவார்கள். தோண்டுகிறவர்கள் பம்பரமாய்ச் சுழன்று வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தார் போடுகிற கொந்தராத்துக்காரர் ஆறுதலாக வருவார். வந்தாலும் கல் போட்டு, அமத்தி, காயவிட்டு, மெள்ளத்தான் செய்வார். எலும்பிலும் அதே கதை. ஓரிடத்தைக் குடைந்தெடுக்க ஏறக்குறைய மூன்று வாரம். அதை நிரப்ப ஏறக்குறைய மூன்று மாதம். இடையில் அந்த எலும்பு ஓட்டத்துக்கு முன் இருந்ததைவிட நலிந்த எலும்பு. மூச்சு வசப்பட்ட சந்தோஷத்தில் நாங்கள் ஓட்டத்தை இரட்டிப்பாக்குவதும் சரியாக அந்த இடைவெளியில்தான். தோண்டிப்போட்ட றோட்டில் பஸ் சேவையைக் கூட்டுகிறோம். குழி பெரிதாகும், தோண்டுகிறவர்கள் திரும்பி வருவார்கள், இன்னும் தோண்டுவார்கள். கடைசியில் றோட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. அதைத்தான் மருத்துவர்கள் அழுத்த முறிவு என்கிறார்கள்.

இந்த உவமை இதற்குமேல் ஓடாது. றோட்டில் பஸ் ஓடினால் றோட்டுக்கு நட்டம் மட்டுந்தான். எலும்பில் பஸ்தான் வேலைக்கு உத்தரவு கொடுக்கிற அதிகாரி. ஒருவரும் நடக்காத எலும்பை உடம்பு பேணாது. விண்வெளிக்குப் போனவர்கள் எலும்பு மெலிந்து திரும்புவது அதனால்தான்.

உத்தரவு எப்படிப் போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கெட்டியான எலும்புக்குள் கோடிக்கணக்கான கலங்கள் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டிருக்கின்றன. அறைக்கு அறை மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்கள், அவற்றுக்குள் திரவம். நீங்கள் பாதத்தை ஊன்றும்போது கணைக்கால் எலும்பு மெய்யாகவே வளைகிறது. வேகமான ஓட்டத்திலும் அந்த வளைவால் வரும் நீட்சி ஆயிரத்தில் இரண்டு பங்கைத் தாண்டுவது அரிது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த வளைவு திரவத்தைப் பிதுக்கும். ஓடும் திரவம் கலங்களை உரசும். உரசலை உணர்ந்த கலம் 'இந்தப் பக்கம் பெலப்படுத்து' என்று வேதிச் செய்தி அனுப்பும். எலும்பின் வெளி விளிம்பில் புதுப்படை ஏறும். பனையில் வைரம் வெளியே, சோறு நடுவே. எலும்புக்கும் அந்தக் கணக்குத் தெரியும்: விட்டம் கொஞ்சம் கூடினாலே வளையாமல் நிற்கும் வலு அதைவிட நன்றாகக் கூடும்.

இனி வேடிக்கை. அந்தக் கலங்களுக்குக் காது சீக்கிரம் மரத்துப்போகும். திருவிழா ஒலிபெருக்கி முதல் நாள் தூக்கிவாரிப் போடும், மூன்றாம் நாள் அதன் கீழேயே நித்திரை கொள்வோம் அல்லவா? ரூபினும் லான்யனும் 1984இல் சேவலின் சிறகெலும்பைக் கருவியால் வளைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் நான்கு தரம் வளைத்தால் எலும்பு தேயாமல் நின்றது. முப்பத்தாறு தரம் வளைத்தால் நன்றாகத் தடித்தது. ஆயிரத்தெண்ணூறு தரம்? முப்பத்தாறுக்குக் கிடைத்ததுதான், மேலே ஒன்றுமில்லை. பிறகு எலிகளில் செய்த சோதனைகளில், சுமார் எட்டு மணி நேர ஓய்வு கொடுத்தால் கலங்கள் மறுபடியும் காதைத் திறக்கும் என்று தெரிந்தது.

ஆகவே ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் எலும்பு கேட்டது முதல் ஒன்றிரண்டு நிமிடத்தை மட்டும். மிச்ச அடிகளெல்லாம் தேய்மானக் கணக்கில்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. 1855இல் பிரைட்ஹோப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நீண்ட அணிநடைக்குப் பிறகு பாதம் வீங்கி நொந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார், காரணம் தெரியவில்லை. எக்ஸ்ரே வந்தபின்தான் அது பாத எலும்பின் முறிவு என்று வெளிச்சமானது. 'படை', 'பயிற்சி' என்ற சொற்கள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாரமானவை என்பது எனக்கும் தெரியும். இந்தப் பேச்சில் படை நுழைவதற்கு ஒரே காரணம், கணக்கெடுத்தவர்கள் படை மருத்துவர்கள் என்பதுதான். நூற்றுக்கணக்கான இளசுகளை ஒரே சாப்பாட்டோடு ஒரே பாதையில் மாதக்கணக்கில் நடக்கவைக்க வேறு யாரால் முடியும்?

அந்தக் கணக்குகளில் ஒன்று இஸ்ரேலில் எடுத்தது. 1983இல் காலாட்படைப் பயிற்சிக்குச் சேர்ந்த 295 பேரில் பலருக்கு அழுத்த முறிவு. சார்ள்ஸ் மில்குரோம் என்ற எலும்பு மருத்துவர் அதையும் பின்னால் வந்த இரண்டு அணிகளையும் சேர்த்து ஆராய்ந்து 2000இல் எழுதியது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பயிற்சிக்கு முன் ஓடிப் பழகியவர்களுக்கு முறிவு குறையவில்லை. இரண்டு வருடமாவது பந்து விளையாடியவர்களுக்கு, முக்கியமாகக் கூடைப்பந்து, கணிசமாகக் குறைந்தது: முதல் அணியில் ஆடாதவர்கள் நூற்றுக்கு 29, ஆடியவர்கள் 13. எம்பிக் குதிப்பதும் சடுதியாகத் திரும்புவதும் எலும்பை ஓட்டம் வளைக்காத திசைகளில் வளைக்கின்றன. இதை வாசித்தபோது எனக்குக் கிளித்தட்டு ஞாபகம் வந்தது. கோட்டில் மறித்து, ஏய்த்து, வெட்டித் திரும்பி ஓடும் அந்த விளையாட்டை யாரும் இப்படி ஆய்வு செய்ததாக நான் அறியவில்லை. செய்தால் கிளித்தட்டின் பக்கம் நான் பந்தயம் கட்டுவேன்.

விற்பனைக்கு வருகிறவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பாத வளைவுக்கேற்ற விலையுயர்ந்த சப்பாத்து: அமெரிக்கப் படைகளில் அப்படிப் பார்த்துக் கொடுத்தும் காயங்கள் குறையவில்லை. ஓடுமுன் தசையை இழுத்து நீட்டுவது: அவுஸ்திரேலியப் படையில் 1,538 பேரை வைத்துப் பார்த்தார்கள், பயன் காணவில்லை. கல்சியம் மாவுக்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு; அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,201 பெண்களில் கல்சியமும் விற்றமின் டியும் பெற்றவர்களுக்கு முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. விளம்பரத்தில் சொல்வதுபோல எலும்பு இரும்பாகவில்லை. தீவில் இருப்பவர் நெத்தலியை முள்ளோடு தின்னலாம். பெண்களுக்கு இந்த முறிவு ஆண்களைவிடக் கூடுதலாக வருவதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்து மாதவிடாய் தள்ளிப்போனால், எலும்புக்குப் போகவேண்டிய பங்கை உடம்பு வெட்டிவிட்டது என்று அர்த்தம். மெலிவது தகுதி ஆகாது.

தூரம் குறைந்தால் பயிற்சியில் பின்தங்கிவிடுவேனோ என்று பயப்படவேண்டாம். அமெரிக்க மரைன் படையில் ஓட்டத் தூரத்தைக் குறைத்தபோது முறிவுகள் ஏறக்குறையப் பாதியாகின. ஓட்ட நேரம் சொற்ப அளவே கூடியது. களுத்துறையோ கல்லடியோ, எங்கே பயிற்சிக்குப் போனாலும் வாசலில் மூச்சை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. அழைப்பு வர இன்னும் மாதங்கள் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். மற்ற நாளில் பின்னேரம் பத்து நிமிடம் குதிப்பு, அல்லது ஆள் சேர்ந்தால் கிளித்தட்டு. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள்.

இதெல்லாம் நோவு ஆறியபின். இப்போது செய்யவேண்டியது ஒன்று: கணைக்காலை விரலால் அமத்திப் பாருங்கள். நோவு ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால் இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நீந்துங்கள், கடல் பக்கத்தில்தானே. ஒரு விரல் நுனிக்குள் அடங்கி, இரவில் படுத்தாலும் நொந்தால், அடுத்த படகில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பல முறிவுகள் படத்தில் விழும். அதுவரை ஓடவேண்டாம்.