பகல் யாருக்கு உரியது? – தச்சர் சங்கங்களின் வரலாறு

இறைத்தூதர் ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்பதை முஸ்லிம் நபிமொழித் தொகுப்பின் வழியே நாம் அறிவோம். மதீனாப் பள்ளியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கென மிம்பர் செய்து கொடுத்தவரும் ஒரு தச்சரே. அவர் அன்சாரிப் பெண்மணி ஒருவரிடம் அடிமையாக இருந்தவர் என்று புகாரி தொகுப்பு தெரிவிக்கின்றது. மரவேலைக்கு நம் மரபில் இத்தகைய கண்ணியம் உண்டு. ஆயினும் தொழிலுக்கு உள்ள கண்ணியம் தொழிலாளிக்குத் தானாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. அதனைப் பெறுவதற்கு அமெரிக்கத் தச்சர்கள் ஏறத்தாழ நூறாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தின் நடுவில் நின்றது கூலியைவிட நேரமே என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

கைவினைஞர் ஒன்றுகூடி வாழ்வது புதிய வழக்கமன்று. 14ஆம் நூற்றாண்டில் அனத்தோலியா வழியே பயணம் செய்த இப்னு பதூதா, அங்கிருந்த 'அகீ' சகோதரக் குழாம்களின் விருந்தோம்பலை வியந்து எழுதியுள்ளார். பகலில் அவரவர் தொழிலைச் செய்து ஈட்டியதை மாலையில் தலைவரிடம் ஒப்படைத்து, சேர்ந்து உண்டு, வழிப்போக்கரையும் உபசரித்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவின் தொழிற்குழுக்கள் வேறு வகையின. ஆயினும் அங்கும் ஆசானும் பணியாளும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தனர். இன்றைய பணியாள் நாளைய ஆசான் என்ற நம்பிக்கையே இருவரையும் பிணைத்திருந்தது. வாழ்நாள் முழுவதும் கூலியாளாகவே இருக்கப்போகிறோம் என்று பணியாள் உணர்ந்தபோது அப்பிணைப்பு தளர்ந்தது. தொழிலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் தேடியது இந்த இடத்திலிருந்துதான்.

பிலடெல்பியா நகரம் இதற்குத் தெளிவான சான்று. அங்கு 1724இல் தோன்றிய 'கார்பென்டர்ஸ் கம்பெனி' முதலாளித் தச்சர்களின் அமைப்பு. எந்த வேலைக்கு எவ்வளவு விலை என்பதை வகுத்து, 1786இல் விலைநூல் ஒன்றையும் அது அச்சிட்டது. அவ்வமைப்பின் மண்டபத்தில்தான் 1774இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் முதலாவது காங்கிரஸ் கூடி உரிமைகளைப் பற்றி விவாதித்தது. 17 ஆண்டுகள் கழித்து, 1791இல், அந்நகரின் கூலித் தச்சர்கள் தம் முதலாளிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர்.

அவர்களது குறை எளிதில் விளங்கக்கூடியது. பிலடெல்பியாவில் கோடையில் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம். குளிர்காலத்தில் 9 மணி நேரத்தைச் சற்றே கடக்கும். பகல் நீண்டிருக்கும் கோடையில் முதலாளிகள் நாட்கூலி கொடுத்து, விடியல் முதல் அந்தி வரை வேலை வாங்கினர். பகல் சுருங்கும் குளிர்காலத்திலோ, செய்துமுடித்த வேலையின் அளவுக்கு மட்டும் கூலி கொடுத்தனர். இரு பருவங்களிலும் இழப்பு தொழிலாளிக்கே. ஆகவே காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, இடையில் உணவுக்கு 2 மணி நேரம், அதற்கு மேற்பட்ட உழைப்புக்குத் தனிக்கூலி என்று அவர்கள் கோரினர். கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் ஒரு நாள் என்பதற்கு அளவு உண்டு என்ற கருத்து நிலைத்துவிட்டது.

1825இல் பாஸ்டன் தச்சர்கள் இதே 10 மணி நேரத்தைக் கேட்டனர். ஓய்வு கிடைத்தால் தொழிலாளர் தீய பழக்கங்களில் வீழ்வர் என்று முதலாளிகள் மறுத்துரைத்தனர். கட்டடங்களுக்குப் பணம் முடக்கிய செல்வர்களும் அவர்களுக்கே துணைநின்றனர். 1827இல் பிலடெல்பியாத் தச்சர்கள் மீண்டும் போராடித் தோற்றனர். அத்தோல்வியிலிருந்து அவர்கள் பெற்ற பாடம் பெரிது: தச்சர் மட்டும் தனித்து நின்று வெல்ல இயலாது. அதே ஆண்டில் அந்நகரின் பல்வேறு தொழிலாளர் சங்கங்கள் இணைந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. 1835இல் பாஸ்டன் தச்சர், கொத்தர், கல்தச்சர் ஆகியோர் வெளியிட்ட சுற்றறிக்கை பிலடெல்பியாவை எட்டியது. அங்கு நிலக்கரி சுமப்போர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏனைய தொழிலாளரும் சேர்ந்தனர். 10 மணி நேர வேலைநாள் அந்நகரில் ஏற்கப்பட்டது. 1840இல் குடியரசுத் தலைவர் வான் பியூரன் கூட்டாட்சி அரசின் பொதுப்பணிகளுக்கும் அதனை விதித்தார்.

பின்னர் இயந்திரங்கள் வந்தன. கதவும் சன்னலும் ஆலைகளில் ஆயத்தமாக உருவாயின. முழுத் தொழிலையும் கற்றவர் செய்த வேலையை ஒப்பந்தக்காரர்கள் கூறுபோட்டு, குறைந்த பயிற்சி உடையோரிடம் குறைந்த கூலிக்குக் கொடுத்தனர். இந்நிலையில் 1881 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய பிரதிநிதிகள் நாடு தழுவிய தச்சர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பீட்டர் மெக்குவைர் அதன் செயலாளரானார். நோயுற்ற உறுப்பினருக்கும் இறந்தோர் குடும்பத்திற்கும் உதவித்தொகை வழங்குவதைச் சங்கம் தன் கடமையாக்கிக்கொண்டது. எனினும் தென்மாநிலங்களில் கறுப்பினத் தச்சர்களுக்குத் தனிக் கிளைகள் அமைக்கப்பட்டதை நாம் மறைக்கலாகாது. சகோதரத்துவத்தைப் பெயரில் தாங்கிய சங்கம் அதனை நடைமுறையில் முழுமையாக்கவில்லை.

1884இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றின் மாநாட்டில், 1886 மே 1 முதல் 8 மணி நேரமே சட்டப்படியான வேலைநாள் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் கேப்ரியல் எட்மன்ஸ்டன். அவர் தச்சர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவர். 1886இன் சிகாகோ நிகழ்வுகளைப் பலரும் அறிவர். 1889இல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடு 1890 மே 1ஐ உலகளாவிய ஆர்ப்பாட்ட நாளாகக் குறித்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் 8 மணி நேரப் போராட்டத்திற்கு முன்னணியில் நிற்கத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் தச்சர்களே. பல நகரங்களில் 8 மணி நேரத்தையும், வேறு பல நகரங்களில் 9 மணி நேரத்தையும் அவர்கள் பெற்றனர். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினத்திற்குப் பின்னால் இந்த உளியும் இழைப்புளியும் பிடித்த கைகளும் உள்ளன.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். பணியாளர் மீது அவர்தம் ஆற்றலுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றலாகாது, ஏற்றினால் நாமும் அவருக்கு உதவ வேண்டும் என்ற கட்டளையை அதே அளவு நினைவுகூர்வதில்லை. முன்னது கூலியைப் பற்றியது. பின்னது தச்சர்கள் எழுப்பிய கேள்வியையே தொடுகின்றது. அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிடும் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதும் சமுதாயம், பிறருடைய காலத்தை எவ்வாறு மதிக்கின்றது?

கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பையடுத்து அது திரும்பப் பெறப்பட்டதாக மே தினத்தன்று அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலைக்காவது சட்டம் பேசுகின்றது. நம் வீட்டுக்கு நிலை வைப்பவரும், நம் பள்ளிவாசலுக்கு மிம்பர் இழைப்பவரும் பெரும்பாலும் சங்கமின்றித் தனித்தே நிற்கின்றனர். அவருக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகின்றது, தொழவும் உண்ணவும் பிள்ளைகளோடு இருக்கவும் நேரம் எஞ்சுகின்றதா என்று வினவ வேண்டிய பொறுப்பு, வேலை கொடுக்கும் நம்முடையது.