வண்டி வெளி வீதியோடு நிற்கட்டும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்களுக்கு ஜவுளிக்கடை. வெளியூர்க்காரர்கள் போன் செய்தால் சேலை ரகத்தைப் பிறகுதான் விசாரிப்பார்கள். முதல் கேள்வி, "காரை எங்கே போடுறது?"

இந்த ஊரைப் போட்டவர்கள் காரை நினைத்துப் போடவில்லை. ஆனால் கூட்டத்தை நினைத்துப் போட்டிருக்கிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். அதனால் அதற்கு அந்த அகலம். இடையில் உள்ள சந்துகள் ஆள் நடக்கிற அளவுதான். வெளி வீதி பிற்பாடு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானது. விளக்குத்தூண்கூட அவர் நினைவாக நட்டதுதான்.

இன்று சித்திரை வீதியில் வாகனம் கிடையாது. கல் பாவிய தரையில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். முடியாதவர்களுக்குப் பேட்டரி கார் இருக்கிறது. ஆனால் ஒரு தெரு தள்ளி வந்தால் இருபுறமும் பைக், நடுவில் ஆட்டோ, அதற்குப் பின்னால் முறைத்துக்கொண்டு ஒரு கார். ஒரு வீதியில் மட்டும் தடுத்தால் நெரிசல் பக்கத்து வீதிக்குக் குடிபெயரும், அவ்வளவுதான். பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். ஊருக்கு நடுவில் நிறுத்த இடம் கொடுப்பது காருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

வேறு வழி இருக்கிறது. பெல்ஜியத்தில் கென்ட் என்றொரு பழைய நகரம். 2017 ஏப்ரலில் அங்கே நகரின் உட்பகுதியை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் குறுக்கே போக முடியாது; வெளியே சுற்றுச்சாலைக்கு வந்துதான் திரும்ப நுழைய வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் டிராமுக்கும் அந்தச் சுற்று இல்லை. நமக்கோ சுற்றுச்சாலையைப் பிளாக்பர்ன் அப்போதே போட்டுத் தந்துவிட்டார்: வெளி வீதி. வண்டி அதோடு நிற்கட்டும்.

"அண்ணே, கடைக்காரரு நீங்களே இப்படிச் சொன்னா யாவாரம் படுத்துராதா?" என்று பக்கத்துக் கடைத் தம்பி கேட்கிறார். எங்கள் கல்லாவை நிரப்புகிறவர் நடந்து வருகிறவர்தான். காரில் போகிறவர் ஹாரன் அடிக்கிறாரே தவிர, கண்ணாடிக்குள் தொங்கும் சேலையைப் பார்ப்பதில்லை. சரக்குதான் நிஜமான சிக்கல். துணி பேல் லாரி ஷெட்டிலிருந்து 'குட்டி யானை' என்கிற சின்ன சரக்கு வண்டியில் வருகிறது. அதைத் தலையில் சுமந்து வா என்று எவரிடமும் சொல்ல முடியாது. காலை பத்து மணிக்குள் இறக்கிவிட வேண்டும் என்று ஒரு நேரம் வைக்கலாம். பிறகு வருவது தள்ளுவண்டியிலோ பேட்டரி வண்டியிலோ வரட்டும். உள்ளே குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி விட்டே ஆகவேண்டும். சித்திரை வீதியைச் சுற்றும் பேட்டரி கார் ரயில் நிலையத்துக்கும் பெரியார் பஸ் நிலையத்துக்கும் வந்தால், பாதிப் பேர் ஆட்டோவைத் தேட மாட்டார்கள்.

அதுவரை, ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு. நேராக நடந்தால் மேற்குக் கோபுரம், ஒரு கிலோமீட்டர் அளவுதான். கால் நன்றாக இருந்தால் ஆட்டோ பேசாதீர்கள்.