உலக வங்கி திறந்த தரவு

உலக வங்கி திறந்த தரவு என்பது உலக நாடுகளின் மக்கள்தொகை, பொருளாதாரம், கல்வி, உடல்நலம், சுற்றுச்சூழல் முதலியவை பற்றிய புள்ளிவிவரங்களை உலக வங்கி இணையத்தின் வழியாக இலவசமாக வழங்கும் தரவுச் சேவை ஆகும். மாணவர்கள், ஆய்வாளர்கள், இதழியலாளர்கள் எனப் பல தரப்பினரும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

1978 ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது உலக வளர்ச்சி அறிக்கையின் பின்னிணைப்பாக உலக வளர்ச்சிச் சுட்டிகள் இடம்பெற்றன. 1997 முதல் இவை தனி நூலாக வெளியிடப்பட்டன. குறுந்தகடாகவும் இணையத் தரவுத்தளமாகவும் இவை கிடைத்தபோதும், முழுமையாகப் பயன்படுத்தக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. எனவே வசதி குறைந்த கல்லூரிகளுக்கு இவை எட்டாமல் இருந்தன. ஏப்ரல் 2010 இல் உலக வங்கி இக்கட்டணத்தை நீக்கித் தரவுகளை அனைவருக்கும் திறந்துவிட்டது.

உள்ளடக்கம்

இச்சேவையின் மையத் தொகுப்பு உலக வளர்ச்சிச் சுட்டிகள் ஆகும். இதில் 200க்கும் மேற்பட்ட நாடுகள், ஆட்சிப்பகுதிகள் பற்றிய தரவுகள் உள்ளன. பல சுட்டிகளுக்கு 1960 முதலான தரவுகள் கிடைக்கின்றன. இவற்றை எக்செல், சிஎஸ்வி, எக்ஸ்எம்எல் வடிவங்களில் தரவிறக்கலாம். நிரல்கள் வழியாகவும் தரவுகளைப் பெறலாம். பெரும்பாலான தரவுகளை, மூலத்தைக் குறிப்பிட்டு மறுபயன்பாடு செய்ய உரிமம் இடமளிக்கிறது.

தரவு மூலங்கள்

பெரும்பாலான தரவுகளை உலக வங்கி நேரடியாகத் திரட்டுவதில்லை. நாடுகளின் புள்ளியியல் துறைகளும், ஐக்கிய நாடுகள் மக்கள்தொகைப் பிரிவு, உலக சுகாதார அமைப்பு, யுனெஸ்கோ போன்ற அமைப்புகளும் தரும் தரவுகளே தொகுக்கப்படுகின்றன. ஆகவே ஒரு நாட்டின் கணக்கெடுப்பு தடைப்படின் அதன் விளைவு இங்கும் தெரியும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் 2011 இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 2021 இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறவில்லை. இதனால் 2011 க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தரப்படும் மக்கள்தொகை எண்கள் எண்ணிப் பெறப்பட்டவை அல்ல, மதிப்பீடுகளே. அவற்றால் வகுத்துப் பெறப்படும் தலா வருமானம் போன்றவையும் அம்மதிப்பீட்டையே சார்ந்துள்ளன.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

* மொத்த உள்நாட்டு உற்பத்தி நடப்பு விலை, நிலையான விலை, கொள்வனவு ஆற்றல் சமநிலை எனப் பல அடிப்படைகளில் தரப்படுகிறது. ஒரே நாட்டின் வளர்ச்சியை அறிய நிலையான விலையும், நாடுகளின் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிடக் கொள்வனவு ஆற்றல் சமநிலையும் பொருத்தமானவை.
* வரையறைகள் மாறுவதுண்டு. நாளொன்றுக்கு 1.90 டாலராக இருந்த பன்னாட்டு வறுமைக் கோடு 2022 இல் 2.15 டாலராகவும், 2025 இல் 3.00 டாலராகவும் மாற்றப்பட்டது. வெவ்வேறு கோடுகளின்படி கணக்கிட்ட வறுமை வீதங்களை ஒப்பிடுதல் தவறான முடிவைத் தரும்.
* பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுகின்றன. ஆகவே தரவிறக்கிய நாளைக் குறித்து வைத்தல் நன்று.
* வெற்றிடம் என்பது தரவு இல்லை என்பதைக் குறிக்கும். அதனைச் சுழியமாகக் கொள்ளக்கூடாது.

விமர்சனம்

உலக வங்கி வெளியிட்டுவந்த தொழில் செய்தல் எளிமை அறிக்கையின் 2018, 2020 ஆம் ஆண்டுப் பதிப்புகளில் தரவு முறைகேடுகள் கண்டறியப்பட்டன. இதனைத் தொடர்ந்து செப்டம்பர் 2021 இல் அவ்வறிக்கை நிறுத்தப்பட்டது. புகழ்பெற்ற நிறுவனத்தின் தரவாயினும் அதன் மூலத்தையும் கணக்கிடும் முறையையும் சரிபார்த்தல் தேவை என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

* உலக வங்கி
* மொத்த உள்நாட்டு உற்பத்தி
* மனித வளர்ச்சிச் சுட்டெண்